உசிரோட கொண்டு போங்க

ஹலோ... ஹலோ, பொலிஸா? ... ஓம், ஓம், சாய்ந்தமருதுல இருந்து கதைக்கிறன். றஸாக்ட நெல்லு மில்லு. நான் அவர்ர பொஞ்சாதி கைருன்னிஸா... ஆரு, சார்ஜன்ட் புண்ணியமூர்த்தி ஐயாவா? ஐயா, கெதியா ஜீப்ப அனுப்புங்க! என்ட தம்பி றவூபக் கத்தியால ஒருத்தன் குத்திப்போட்டான்... மில்லு முத்தத்துல, என்ட கண்ணுக்கு முன்னால... ஓம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு பெய்த்தாங்க. எங்கட அவரும் கூடத்தான் போனாரு. மூச்சு இரிந்திச்சி ஐயா, மூச்சு இரிந்திச்சி...

...குத்தினவனா? கச்சிமுகம்மது. எங்கட பக்கத்து வயல்காரன். ... வாய்க்கால் தண்ணிக்குத்தான், வேறென்ன. காலையில வயலுக்க சண்ட. இப்ப இஞ்ச வந்து... இல்ல, ஓடல்ல. சனம் தொரத்தினதும் எங்கட நெல்லு ஸ்டோருக்க பூந்துட்டான். நான் வெளியால பூட்டிப்போட்டன். சாவி என்ட கையில.

...சத்தமா? சனம் ஐயா! வாசக் கதவுக்குக் கல்லெறியிறாங்க. ... ஓம், ஓம், திறக்க மாட்டன். நீங்க ஜீப்ப—

காக்கா! எப்பிடி உள்ளுக்க வந்தீங்க? கிட்ட வராதீங்க, அந்த இரும்பு அலவாங்கக் கீழ போடுங்க! ... ஐயா, எங்கட மூத்த காக்கா, சீனிமுகம்மது, எனக்கும் றவூபுக்கும் கூடப் பொறந்தவரு. பின் கதவால வந்துட்டாரு. சாவியக் கேக்காரு. அவன் பிணையில வந்து எங்கட மூஞ்சிக்கு முன்னால தேத்தண்ணி குடிப்பானாம். உண்மையா? ... ம்ம்... ம்ம்... குத்துப்பட்ட ஆள் உசிர் போய் மௌத்தாப் போனா மஜிஸ்திரேட்டுக்கும் பிணை குடுக்க ஏலாதா? பெரிய கோட்டுக்குத்தான் போகணுமா? ... கேட்டீங்களா காக்கா?

...அதில்ல ஐயா, உங்கட ஆக்கள் ரெண்டு அடி போட்டா அவன் ஒத்துக்குவான்தானே? ... என்ன? பொலிஸுக்கிட்ட ஒத்துக்கிட்டது கோட்டுல எடுபடாதா? அப்ப என்னதான் எடுபடும்? ... நான் கண்டதா? ... வேற ஆரும் இல்ல ஐயா. மிசின் ஓடிக்கிட்டு இரிந்திச்சி, வேலையாக்கள் உள்ளுக்க. நான் மட்டுந்தான் கண்டன், இந்த ஜன்னலால...

...நில்லுங்க. ஆரோ ஆஸ்பத்திரியால வந்திரிக்காங்க. என்ன கத்துறாங்க காக்கா? என்ன? ... யா அல்லாஹ்! ... தம்பி... என்ட தம்பி...

...ஐயா... முடிஞ்சிட்டாம் ஐயா. வழியிலேயே... இன்னாலில்லாஹி—

ஆ! காக்கா, உடுங்க! கை முறியப் போகுது! தரமாட்டன்! என்னக் கொன்டுபோட்டு எடுங்க! உள்ளுக்க கிடக்கிறவன் அவன்ட உம்மாவக் கூப்பிட்டு அழுறான், எனக்கும் கேக்குதுதான். அவன்ட கொடலப் புடுங்கணும் போல எனக்கு இல்லயா? இவன இஞ்ச அடிச்சிக் கொன்டா நான் கண்டத ஆருக்கிட்ட செல்ற, ஆரு கேக்குற? கோட்டுல உங்கட பேரைத்தான் கூப்பிடுவாங்க! ஒரு தம்பிய மண்ணுக்குக் குடுத்துட்டம். உங்கள மறியல் கம்பிக்குள்ள குடுக்க என்னால ஏலா காக்கா! ஏலா... ஆ! உம்மா!

...இரிக்கன் ஐயா, இரிக்கன். ... ஸ்டோர் கதவுக்குத்தான் அடிச்சாரு, அலவாங்கு என்ட தோள்ல பட்டுட்டுது. ஓம், ரெத்தம்தான். ... இல்ல, இனி அடிக்க மாட்டாரு. கீழ இரிந்துட்டாரு. முகத்தப் பொத்திக்கிட்டு அழுறாரு.

...ஜீப்பு! ஓம், வந்துட்டாங்க, சனம் ஒதுங்குது. பொலிஸ் ராலாமி, இந்தாங்க சாவி, இந்தக் கதவுதான்... புடிச்சிட்டாங்க ஐயா, விலங்கும் போட்டாச்சு... ராலாமி, அடிக்காதீங்க! வாயில அடிக்காதீங்க! ஐயா, உங்கட ஆள்தான் இப்ப அடிக்காரு! அவன உசிரோட கொண்டு போகச் செல்லுங்க. அவன் ரெண்டு காலால நடந்து கோட்டுக் கூட்டுல ஏறணும். நான் கண்டத அவன்ட முகத்தப் பாத்துச் செல்லணும்.

...ம்ம். தம்பிட ஜனாஸாவ எப்ப தருவாங்க? இண்டைக்கே அடக்கணும்... என்ன? மையத்த வெட்டிப் பாக்கணுமா? ... வேணாம் ஐயா! உம்மா தாங்கமாட்டா, ஊரும் உடாது... ... ... டொக்டர் எழுதித் தராட்டி? ... கை தவறிப் பட்டதெண்டு அவன் செல்லலாமா? கை தவறியா? ... மூணு தரம் ஐயா. கடைசிக் குத்து தம்பி கீழ விழுந்த பொறகு.

...

...சரி. வெட்டட்டும். நாங்க மறிக்க மாட்டம். ... ஓம், வாக்குமூலம் தர நானே வாறன். எழுதினத வாசிச்சிக் காட்டுங்க, அதுக்குப் பொறகுதான் கையெழுத்து வெப்பன். ... இல்ல, உம்மாக்குச் செய்தி செல்ல நீங்க ஆள் அனுப்ப வேணாம். நான்தான் செல்லணும்.

...வெக்கிறன் ஐயா. உம்மா வந்துட்டா.