ரூம் இரண்டில் ஆள்

மணி பதினொன்றரை இருக்கும். சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டிக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பந்தலுக்கு அடியில் இருட்டு... நீட்டின கை தெரியாத இருட்டு. அதில் ஒற்றை பைக். ஓட்டிப் போனவன் திலீபன். என் சிநேகிதன் சுரேஷ்கண்ணனுக்குச் சித்தி மகன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவனுக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். தேனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றத் தெரிந்த திமிர். ஊரில் மற்றவனெல்லாம் அவனுக்கு மடையன்.

ஓடைப்பட்டியில் பழம் அடுக்கி வைக்கிற கோல்டு ஸ்டோரேஜ் ஒன்று. குளிர், கதவு, கேமரா எல்லாவற்றையும் கவனிப்பது ஒரு கிழட்டு சர்வர் கம்ப்யூட்டர். பாதி நேரம் அப்படியே நின்றுவிடும். முதலாளி விஜயபாண்டி வருஷத்துக்கு ஒரு கார் மாற்றுகிற ஆள். சர்வரை மாற்ற மட்டும் மனசு வராது. "மெமரியக் கூட்டி விட்டா ஓடும்ல?" என்றார். பகலில் லாரி வந்துகொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. அதனால் ராத்திரி வேலை.

அத்தனை பழைய சர்வருக்கு ரேம் கடையில் கிடைக்காது. திலீபன் பழைய இரும்புக் கடையில் ஒன்றைப் பிடித்தான். தேவாரம் பக்கம் மூடிப்போன இன்னொரு கோல்டு ஸ்டோரேஜின் சர்வரில் இருந்தது. கடைக்காரர் சுருளியாண்டி தயங்கினார்.

"அது வேணாம் தம்பி. அங்கன ராக்கம்மான்னு ஒரு பொம்பள ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு வெறச்சே செத்துருச்சு. உள்ள இருக்க பட்டன அமுக்கி அமுக்கி விடிய விடிய மணி அடிச்சிருக்கு. மிஷினுக்குக் கிறுக்குன்னு ஆபீஸ்காரன் சத்தத்த அமத்திட்டுத் தூங்கிட்டான்."

திலீபன் சிரித்தான். "கரண்டு போனா ரேமுல ஒரு மண்ணும் தங்காதுய்யா. இதுல செத்தவ வந்து தங்குவாளாக்கும்." பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். முதலாளியிடம் புதுசு என்று சொல்லிவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி ஓடைப்பட்டி ஸ்டோரேஜில் இருந்தது வாட்ச்மேன் வீரணன் மட்டும். ஆபீசுக்குள், திராட்சை கெடாமலிருக்க வைக்கிற கந்தக நெடி. திலீபன் வயரைப் பிடுங்கினான். மூடியைத் திறந்தான். தூசியை ஊதினான். ரேமைச் செருகினான். டக்... டக். மறுபடி வயரை மாட்டினான். ஃபேன் இரைந்தது. ஒரே ஒரு பீப். திரையில் மெமரி இரண்டு மடங்கு காட்டியது.

"பாத்தியாய்யா?" என்று வீரணனைப் பார்த்து மீசையை முறுக்கினான்.

அப்போதுதான் மணி அடித்தது.

திரையில் சிவப்பு எழுத்து. ரூம் இரண்டு. உள்ளே ஆள்.

வீரணன் திரையை எட்டிப் பார்த்தார். "இங்கன ஒரே ரூமுதான தம்பி. ரெண்டாவது ஏது?"

"பழைய குப்ப. அப்படித்தான் ஒளறும்." திலீபன் சத்தத்தை அமத்தினான்.

மணி நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம்... பின்பக்கச் சுவரில். டொப். டொப். உள்ளங்கையால் இரும்புக் கதவைத் தட்டுகிற சத்தம். அது வெறும் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பந்தல்தான்.

"தம்பி... மணிய அடிக்க விடுங்க. யாரோ கூப்பிடுறாக."

"யோவ், போய்யா அங்கிட்டு."

வீரணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். சுவருக்குப் பின்னால் யாருமில்லை. கொடி மட்டும் அசைந்தது. திரும்பி வந்தால் ஆபீஸ் கதவு சாத்தியிருக்கிறது. பிடியைத் தொட்டார். உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. அத்தனை குளிர்.

உள்ளே திலீபன் தட்டிக்கொண்டிருந்தான். "கதவத் தொறங்க... ஐயா, கதவத் தொறங்க..." ஐயாவாம். அதுவரை அந்த மனுஷரை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

வீரணன் இழுத்துப் பார்த்தார், இடித்துப் பார்த்தார். முதலாளிக்குப் போன் போட்டார். "குடிச்சிருக்கியாய்யா?" என்று கேட்டுவிட்டு, விஜயபாண்டி போனை அமத்திப் போட்டுத் தூங்கிவிட்டார். கடப்பாரைக்கும் அசையவில்லை அந்தக் கதவு. தட்டுகிற சத்தம் மெலிந்து மெலிந்து... கடைசியில் நின்றே போனது.

விடிந்ததும் கதவு தானாக விலகியது. அந்த ஆபீசில் ஏசி கிடையாது. திலீபன் மூலையில் குத்தவைத்திருந்தான். நகமெல்லாம் பிய்ந்து, புருவத்தில் உறைபனி. உயிர் இருந்தது. எப்படி இருந்தது என்று டாக்டருக்கே தெரியவில்லை.

போன சித்திரையில் சுரேஷ்கண்ணனோடு நானும் அவனைப் பார்க்கப் போனேன். உச்சி வெயில். தகரக் கூரை கொதிக்கிறது. சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான், எங்களைப் போலவே அவனுக்கும் வேர்த்து ஒழுகியது.

"எப்படிடா இருக்க?" என்றேன்.

"நல்லாருக்கேண்ணே" என்றான்.

சொல்லும்போது அவன் வாயிலிருந்து... மார்கழி விடியலில் வருமே, அதே மாதிரி வெள்ளையாகப் புகை வந்தது.