கடையில ரெண்டு கட்சி

உட்காருங்க மாப்பிள்ளை, நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? கோட்டு ரெடி. சத்தியமா ரெடி. இன்னும் ஒரு மணி நேரத்துல உங்களுக்கு நிக்காஹ்னு எனக்குத் தெரியாதா? வெளிய கார்ல உங்க மாமா ஹாரன் அடிக்கிறதும் காதுல விழுது. ஒரே ஒரு விஷயம், அதைச் சொல்லிட்டுக் கொடுத்துடறேன்.

அதோ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பட்டன் தைக்கிறான் பாருங்க, என் மச்சான். அவன் உமர் நாயகம் கட்சி. நான் அபூபக்கர் நாயகம் கட்சி. என்னது? ரெண்டு பேருமே நபிகளோட தோழருங்க, பெரியவங்கதானேங்கிறீங்களா? அட, அது எங்களுக்குத் தெரியாதா! கடை ரேடியோ ரிப்பேரு. வேற எதைப் பேசிக்கிட்டுத் தைக்கிறது?

அபூபக்கர் நாயகம் துணி வியாபாரம் பண்ணவங்க, நம்ம லைன். போருக்கு நபிகள் பொருள் கேட்டப்ப உமர் நாயகம் வீட்டுல இருந்ததுல பாதியை அள்ளிட்டு வந்தாங்க. எங்க அபூபக்கர் நாயகம் மொத்தத்தையும் கொண்டாந்து வச்சுட்டாங்க. இனி உங்களை முந்தவே முடியாதுன்னு உமர் நாயகமே சொல்லிட்டாங்க. அவங்களே ஒத்துக்கிட்டதை நீ ஒத்துக்க மாட்டியாடான்னு காலையில மச்சான்கிட்ட கையை நீட்டிக் கேட்டேன். அந்தக் கையில அதுவரைக்கும் என்ன இருந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

கருகுன வாடையா? அது பக்கத்துக் கடை.

மச்சான் விடுவானா? உமர் நாயகம் நாட்டையே ஆண்டவங்க, ஒட்டுப்போட்ட சட்டையோடதான் மேடையேறிப் பேசினாங்க, எவனாவது சிரிச்சானான்னு கேட்டான். போடா வேலையைப் பாருன்னேன். ஆனா அப்புறம் உட்காந்து யோசிச்சா, பய சரியாத்தான் சொல்லியிருக்கான்! ஒட்டுங்கறது குறையா என்ன? அது ஒரு கௌரவம் மாப்பிள்ளை.

கையை நீட்டுங்க, நானே போட்டு விடறேன். அப்படியே நேரா நில்லுங்க. திரும்பாதீங்கன்னா! கண்ணாடியில பாருங்க, ராஜாவாட்டம் இருக்கீங்க. மண்டபத்துல மட்டும் சுவரோரமா சாஞ்சு உட்காந்துக்குங்க.

அய்யோ, முதுகுல பெருசா ஒண்ணும் இல்லீங்க. பேச்சு சூட்டுல இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் அங்கேயே உட்காந்துருச்சு. அதான் நானும் காலையிலேர்ந்து உமர் நாயகம் கட்சிக்கு மாறிட்டேன். மச்சான்தான் என்னைச் சேத்துக்க மாட்டேங்கிறான்.

அவங்க சட்டையில எத்தனையோ ஒட்டு மாப்பிள்ளை. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான்.