மோட்டார் இல்லாத குழாய்

பள்ளியையும் நடத்தி, இந்தக் கூட்டத்தையும் நடத்தி, மேடை ஏறியது முதல் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்த என்னையும் பொறுத்துக்கொண்ட தலைமை ஆசிரியை அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, மனத்தில் ஓராயிரம் என்று சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாகவே நிற்கும் தந்தைமார்களே! செவியால் கேளாமல் விழியால் கேட்கும் என் செல்வங்களே! நான் வாயால் பேசுவதையெல்லாம் என் அருகே நின்று கையால் பேசிக்கொண்டிருக்கும் சைகைமொழி ஆசிரியை அவர்களே! உங்கள் அனைவருக்கும், ஓரிடத்தில் உட்காரத் தெரியாத ஒருத்தியின் வணக்கம்!

வீட்டில் எனக்குப் பம்பரம் என்று பெயர். மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கும் நின்றுகொண்டேதான் நுண்ணோக்கியைப் பார்ப்பேன். "கொஞ்சம் உக்காரேன்டி, பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்று அம்மா சொல்லாத நாளில்லை. இப்போதும் பாருங்கள், மைக்கின் கம்பி எவ்வளவு தூரம் விடுகிறதோ அவ்வளவு தூரம் நடந்துவிட்டேன். ஆசிரியை எனக்கு ஏதோ சைகை காட்டுகிறார். என்ன அது? மெதுவாகப் பேசச் சொல்கிறாரா? சரி, முயல்கிறேன். முடியும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அன்பர்களே! உங்களுக்குத் தொண்டையில் புண் வருகிறது. கழுத்தைத் தடவிப் பார்த்தால் தாடைக்குக் கீழே பட்டாணி போல ஒன்று தட்டுப்படுகிறது. காலில் முள் குத்திச் சீழ் பிடிக்கிறது. தொடை இடுக்கில் வலிக்கிறது. வீட்டில் என்ன சொல்கிறோம்? ஆம், அந்த அம்மா சரியாகச் சொன்னார்கள், "நெறி கட்டியிருக்கு" என்கிறோம். முள் குத்தியது காலில், நெறி கட்டியது இடுக்கில். ஏன்? என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? இங்கே விழுந்த அடிக்கு அங்கே ஏன் வீக்கம் என்று யாராவது யோசித்திருக்கிறோமா?

அங்கேதான், அம்மா, காவல் இருக்கிறது! கழுத்தில் காவல், கக்கத்தில் காவல், தொடை இடுக்கில் காவல்! ரத்தக் குழாயின் சுவர் வழியே ஓயாமல் நீர் கசிகிறது. கசிந்த நீர் தசைக்குத் தீனி கொடுக்கிறது. பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. திரும்பாமல் தங்கியதுதான் நிணநீர். அது வெறுங்கையோடு வருவதில்லை. செத்த அணுவை அள்ளி வரும், கிருமியைக் கிள்ளி வரும், கழிவைக் கழுவி வரும். மயிரிழைக் குழாய்களில் ஏறி ஏறி, வழியிலுள்ள கணுக்களுக்குள் நுழைகிறது. அந்தக் கணுக்களுக்குள் யார்? என் சிநேகிதர்கள், வெள்ளை அணுக்கள்! வருகிற நீரைச் சலித்துப் பார்த்து, நம்மவனா அயலானா என்று விசாரித்து, அயலானைப் பிடித்து மடக்குகிறார்கள். அந்தச் சண்டையின் வீக்கம்தான் நெறி. நெறி கட்டினால் கலங்காதீர்கள், காவல் விழித்திருக்கிறது என்று பொருள். ஆனால் வாரக்கணக்கில் வற்றாத நெறி, வலியே இல்லாத நெறி, வளர்ந்துகொண்டே போகும் நெறி என்றால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

இனி என் வீட்டுக் கதை. சொல்வதற்கு உரியவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன். அவர் வேறு யாருமில்லை, இதோ என் அருகே நிற்கிறாரே, இந்த ஆசிரியைதான். என் அண்ணனின் மனைவி. என் அண்ணி!

என்ன சிரிக்கிறீர்கள்? நாத்தனார் மேடையேறி அண்ணியைப் பற்றிப் பேசப் போகிறாள், கைகலப்பு நடக்குமென்று நாற்காலியை முன்னால் இழுக்கிறீர்களா? ஏமாந்தீர்கள். நானும் அவரும் சேர்ந்தால் என் அண்ணனுக்குத்தான் ஆபத்து.

அண்ணிக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது.

பார்த்தீர்களா, அவர் கை நின்றுவிட்டது. என் வாக்கியம் பாதி மண்டபத்தைத்தான் சேர்ந்திருக்கிறது. மீதிப் பாதி காத்திருக்கிறது. அவசரமில்லை அண்ணி. வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஓரிடத்தில் நின்று காத்திருக்கிறேன்... ஆ, சொல்லிவிட்டார். மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டார். நன்றி அண்ணி.

கட்டியை அறுத்து எடுத்தார்கள். நோய் பரவ நினைத்தால் முதலில் போகிற இடம் கக்கம் என்பதால், வலது கக்கத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. உற்றார் உவந்தோம். ஆனால் காவல் நிலையத்தை எடுத்தபோது அதன் வழியே போன பாதையும் போனது அல்லவா? கையிலிருந்து ஏற வேண்டிய நீர் எந்த வழியாக ஏறும்? சில மாதங்களில் கை கனத்தது. பிறகு வீங்கியது. பிறகு விரல்கள் மடங்க மறுத்தன.

வீங்கிய கை யாருக்கும் துன்பம்தான். ஆனால் இந்தக் கை யாருடைய கை? இந்தக் கைக்கு விரல்தான் நாக்கு, மணிக்கட்டுதான் தொண்டை! ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, எழுந்து கேட்டார்களாம், கையாலேயே கேட்டார்களாம்: "டீச்சர், ஏன் முணுமுணுக்கறீங்க? சத்தமாச் சொல்லுங்க."

அன்று வீட்டுக்கு வந்து அண்ணி அழுதார். அறுவைக்கு அழாதவர், அதற்கு அழுதார்.

இப்போது என் அண்ணன் வருகிறார். கதைக்குள்ளும் வருகிறார், மண்டபத்திலும் இருக்கிறார். அதோ, கடைசி வரிசைக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து "முடி, முடி" என்று கழுத்தை அறுப்பது போல எனக்கு ஜாடை காட்டிக்கொண்டிருக்கிறார். அண்ணியின் கை வலிக்குமாம். உட்காருங்கள் அண்ணா! உட்கார மாட்டார். எங்கள் வீட்டில் யாருக்குமே அந்தப் பழக்கம் கிடையாது.

அண்ணன் பிளம்பர். நம் ஊர்க் குழாய்களின் நாடி பிடித்துப் பார்ப்பவர். சுவருக்குள் கசிவது எங்கே என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் மனைவியின் வீங்கிய கையைப் பார்த்தார். ஒரே வார்த்தைதான்: "ஒழுகுது."

"எங்கண்ணா ஒழுகுது?" என்றேன்.

"மேலேர்ந்து தண்ணி வந்து கையில தேங்குது. வழியில எங்கயோ லீக். மேல வால்வை அடைச்சா கீழ தானா வத்திடும். இது கூடத் தெரியாம நீ என்ன லேப்ல வேலை பாக்கற?"

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், செருப்பில் கால் நுழைத்தபடியே "டாக்டரைக் கேளுங்கண்ணா" என்று கத்திவிட்டு ஓடினேன். அவர் யாரைக் கேட்டார்? தன் அனுபவத்தைக் கேட்டார். நீளத் துணியை எடுத்தார். தோளுக்குச் சற்றுக் கீழே சுற்றோ சுற்றென்று சுற்றி, குழாய் இணைப்பை முறுக்குகிற அதே முறுக்கு முறுக்கி, முடிச்சுப் போட்டார். "கையை அசைக்கக் கூடாது, சொல்லிட்டேன். ஒரு டம்ளர் கூட எடுக்காதே. எல்லாம் நான் பாத்துக்கறேன்." பார்த்துக்கொண்டார்! சமைத்தார், துவைத்தார், அண்ணிக்குத் தலை வாரிப் பின்னியும் விட்டார். பின்னல் கோணலாக இருந்தது, அது வேறு கதை. அண்ணி என்ன செய்தார்? இவ்வளவு ஆசையாகக் கட்டியிருக்கிறாரே, அவிழ்த்தால் மனசு நொந்துபோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அன்பு கட்டியது, அன்பு பொறுத்தது. கை என்ன ஆனது? மறுநாள் கை காற்றடித்த கையுறை போல ஆகிவிட்டது! மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். முதலில் அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். பிறகு மோதிரத்தை வெட்டினார்கள். வெட்டிய மோதிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார் என் அண்ணன்.

அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா. அண்ணனைத் திட்டவில்லை. அவருக்குப் புரிகிற பாஷையில் பேசினார்.

"நீங்க பிளம்பர்தானே? இந்தத் தண்ணி மேலேர்ந்து கீழ வரலை சார். ஊறி நிக்கற தண்ணி, கீழேர்ந்து மேல ஏறணும். ஏறி, கழுத்துக்கிட்ட ரத்தத்துல கலக்கணும். நீங்க அடைச்சது வர்ற வழியை இல்ல, போற வழியை."

அண்ணன் கையிலிருந்த மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் பிளம்பர் பிளம்பர்தானே? ஒரே ஒரு கேள்வி கேட்டார், சரியான கேள்வி.

"மேல ஏத்தணும்னா மோட்டார் வேணுமே மேடம். மோட்டார் எங்க இருக்கு?"

"மோட்டார் கிடையாது சார். ரத்தத்துக்கு இதயம் இருக்கு. இதுக்குத் தனியா எதுவும் இல்ல. குழாய் தானா கொஞ்சம் சுருங்கித் தள்ளும், அவ்வளவுதான். மத்தபடி தசை அசையணும், மூச்சு ஆழமா இழுக்கணும், அப்பத்தான் தண்ணி ஏறும். திரும்பி இறங்காம உள்ளே குட்டிக் குட்டி வால்வு இருக்கு. நீங்க அவங்களை அசையாம வச்சிருந்தீங்க பாருங்க, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு ஏன் தண்ணி ஏறலைன்னு கேக்கறீங்க."

கேட்டீர்களா? இறைக்க இதயம் இல்லாத ஓர் ஆறு! இயங்கினால் ஏறும், முடங்கினால் முடங்கும்! இந்த ஒரு சேதிக்காகத்தான் இன்று உங்கள் முன் வந்து இப்படித் தவித்துக்கொண்டிருக்கிறேன். நாம் நேசிப்பவரை என்ன செய்கிறோம்? உட்கார வைக்கிறோம். படுக்க வைக்கிறோம். எடுக்காதே என்கிறோம், ஏறாதே என்கிறோம், அசையாதே என்கிறோம். அக்கறை என்று நினைத்து அடைத்து வைக்கிறோம்! ஆளைக் காப்பாற்றுகிறோமா, ஆற்றைத் தேக்குகிறோமா?

இன்று அண்ணியின் கையில் ஓர் உறை இருக்கிறது, தோல் நிறத்தில், பாருங்கள். அதுவும் இறுக்கம்தான். ஆனால் மணிக்கட்டில் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. அண்ணன் கட்டியதற்கு நேர் எதிர். இறுக்குவது தப்பில்லையாம், எங்கே இறுக்குகிறோம் என்பதுதான் விஷயமாம். அதைப் போட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன விதத்தில் கையை அசைத்து அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரல்கள் திரும்பி வந்தன. முழுவதும் வற்றவில்லை, வற்றாமலும் போகலாம். காவல் குறைந்த கை என்பதால் சின்னக் கீறலுக்கும் பயம் உண்டு. தினமும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். முன்வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓர் இளம் ஆசிரியர் காத்திருக்கிறாரே, எதற்கு? அண்ணியின் கை நடுவில் ஓய்ந்தால் அவர் ஏறி நின்று கையால் பேசுவார். இந்தப் பேச்சை அண்ணி கடைசி வரை முடித்தால் திங்கட்கிழமை முதல் மறுபடி வகுப்புக்குப் போவார், இல்லையென்றால் இன்னும் ஓய்வு. இது தலைமை ஆசிரியையும் அண்ணியும் பேசி முடிவு செய்தது. அதனால்தான் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு கண் உங்கள் மேல், ஒரு கண் அந்த விரல்கள் மேல். சுருக்கமாகப் பேசியிருக்கலாம். "ஒரு வார்த்தை குறைச்சே, அப்புறம் வீட்டுக்கு வராதே பம்பரம்" என்று மிரட்டியவர் அண்ணிதான்.

இதோ முடிக்கப் போகிறேன். அந்த விரல்கள் இன்னும் ஓடுகின்றன. தம்பி, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு இங்கே வேலையில்லை!

எனக்குக் கைதட்டாதீர்கள். தட்டினால் இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்காது. அவர்கள் எப்படிப் பாராட்டுவார்கள் தெரியுமா? இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து, காற்றில் ஆட்டுவார்கள். வாருங்கள், நாமும் அப்படியே! மூத்தோர்களே, முடிந்த வரை! தாய்மார்களே, பிள்ளையைப் பக்கத்தில் இறக்கிவிட்டு! தலைமை ஆசிரியை அவர்களே, நீங்களுந்தான்! ஆழமாக மூச்சை இழுங்கள்! ஆட்டுங்கள்! ஆ, என்ன காட்சி! சத்தமே இல்லை, மண்டபமே அசைகிறது! இத்தனை கைகளிலும் இந்தக் கணம் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது அன்பர்களே!

அண்ணா, நீங்கள் மட்டும் ஏன் தூக்கவில்லை? என்ன அது, கையை உதட்டருகே வைத்து, முன்னால் வீசி விரிக்கிறீர்கள்? எனக்குப் புரியவில்லை. திரும்ப ஒருமுறை... பிள்ளைகளே, ஏன் எல்லோரும் திரும்பி அவரையே பார்க்கிறீர்கள்? அண்ணி, ஏன் அழுகிறீர்கள்? அவர் என்ன சொல்கிறார்?

"பேசு" என்கிறாராம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் அண்ணன் கற்றுக்கொண்ட முதல் சைகை இதுதானாம்.

இனி என் வாய்க்கு வேலையில்லை. இருந்து கேட்ட பெரியோருக்கும், விழியால் கேட்ட பிள்ளைகளுக்கும், கதவைவிட்டு இப்போதுதான் உள்ளே வரும் என் அண்ணனுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கத்தை மட்டும் நான் சொல்லப் போவதில்லை. அண்ணி, அது உங்களுடையது. உங்கள் கையாலேயே சொல்லுங்கள்.