சக்கரத்துக்கு வைக்கிற கல்

ஜீப்புக்குக் கைப்பிரேக் உண்டு என்று நம்புகிறவர்கள் பழைய ஜீப்பை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். இருக்கிறது சார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது சக்கரத்தில் இல்லை. வண்டிக்கு நடுவில், பின்பக்கம் போகிற ஷாஃப்ட்டின் தலைமாட்டில் இருக்கிறது. அங்கே எப்போதும் ஆயில் கசியும். கசிந்த ஆயில் பிரேக்கின் லைனிங் பட்டையில் ஊறிவிட்டால் பிரேக்கை இழுத்தாலும் ஒன்றுதான், இழுக்காவிட்டாலும் ஒன்றுதான். அதனால் எங்கள் பக்கத்தில் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்துவோம். இறங்கியதும் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்போம்.

வாக்குமூலம் தெலுங்கில்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். எனக்குத் தெலுங்கு வாயில் வரும், கையில் வராது. நகரியில் எட்டாவது வரை தமிழில் படித்தவன். எழுதக் காகிதம் கொடுத்தீர்கள், நன்றி. யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். நேற்று வீட்டார் சொன்னதை வைத்து நீங்கள் ஒன்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்பதும் தெரியும். ஆனாலும் அது சரியில்லை. எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, உடம்பெல்லாம் களைப்பாக இருக்கிறது. ஒருமுறைதான் சொல்ல முடியும், அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் முனிரத்தினம். புத்தூரில், ரேணிகுண்டா போகிற ரோட்டில் ஜீப் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறோம். இறந்துபோன வேணு என் தம்பி, என்னைவிட ஒன்பது வயது சின்னவன். முப்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் வேலை செய்தோம். உங்கள் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக்கொண்டு நிற்கிறதே ஒரு ஜீப், அதற்கும் நாங்கள்தான் இரண்டு முறை எஞ்சின் இறக்கினோம். இப்போது உங்களுக்கு ஏசி வைத்த வண்டி வந்துவிட்டது. வசதியாகத்தான் இருக்கும்.

ஜீப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று நேற்று கேட்டீர்கள். எங்களைப் பெற்ற நைனா பச்சையப்பன் இருந்திருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பார். சண்டைக்காகப் பிறந்த வண்டி அது. சின்னதாக, லேசாக, எந்த மண்ணிலும் போகிற ஒன்று வேண்டும் என்று அமெரிக்கப் பட்டாளம் கேட்டது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு செய்தன. கடைசியில் வில்லிஸ்காரனும் ஃபோர்டுக்காரனும் லட்சக்கணக்கில் செய்து அனுப்பினார்கள். சண்டை முடிந்ததும் வில்லிஸ்காரன் சும்மா இருக்கவில்லை. இதில் ஏர் பூட்டி உழலாம், மூட்டை ஏற்றலாம் என்று சொல்லி அதையே குடியானவனுக்கு விற்றான். நமக்குச் சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி சாமான்களை வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்தது. அதற்கப்புறம் மலேரியா மருந்து, ஓட்டுப்பெட்டி, தாசில்தார், போலீஸ் எல்லாம் ஜீப்பில்தான் வந்தது. ஜீப் சத்தம் கேட்டால் ஊரில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப் பேர் ஓடுவார்கள்.

எங்கள் வண்டி அறுபத்தெட்டாம் வருஷத்தது. பட்டாளத்தில் கழித்துவிட்டதை எண்பத்து நான்கில் நைனா மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தார். தூக்கலான பானெட். முகத்தில் ஏழு நீளப் பிளவுகள். நாங்கள் அதை ஏழு கண் என்போம். கதவு கிடையாது, முன்கண்ணாடியை மடித்துப் பானெட் மேல் படுக்க வைத்துவிடலாம். தரையில் மூன்று கம்பிகள் நிற்கும். பெரியது கியர். சின்னதில் ஒன்றைத் தள்ளினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இன்னொன்றை மேடு ஏற ஒரு பக்கமும் சாதாரண ரோட்டுக்கு மறு பக்கமும் தள்ள வேண்டும். அந்தக் கம்பியை நடுவில் நிறுத்திவிட்டால் பெரிய கியர் எதில் இருந்தாலும் வண்டிக்குப் பிடிப்பு கிடையாது. இந்த நடு இடத்தைப் பற்றி ஓட்டுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாகலாபுரம் மலையடியில் இருக்கிற மாந்தோப்புகளுக்கு லாரி போகாது, எங்கள் ஜீப் போகும். மழைக்காலத்தில் தடா பக்கத்து அருவிக்கு மெட்ராஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாறை மேல் போவோம். டிரைவர் சீட்டில் நான்தான் இருப்பேன். வேணு முன்னால் நடந்து வழி காட்டுவான். சக்கரம் வழுக்கும்போது அந்தப் பிள்ளைகள் கத்துவார்கள், நான் கத்தியதில்லை. எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். வாழ்க்கையில் வேறு எதிலும் நான் கெட்டிக்காரன் இல்லை சார். இதில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எண்பத்தாறில் நிறுத்தின வண்டி உருண்டு நைனாவின் கால்விரல் இரண்டு போய்விட்டது. அன்றையிலிருந்து வண்டிக்கு முன்னாலோ அடியிலோ போகிறவன் முதலில் "கல்லு?" என்று கேட்பான். வண்டியின் பக்கத்தில் இருக்கிறவன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு "கல்லு" என்று சொல்வான். அந்தப் பதில் வராமல் யாரும் குனிவதில்லை. நைனா சாகும்வரை அப்படித்தான். அவருக்குப் பின் நானும் வேணுவும் ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டிருப்போம், சொல்லியிருப்போம். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட இந்த ஒரு பேச்சு மட்டும் நடக்கும்.

இரண்டு வருஷமாக எனக்குக் கை நடுங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டீ கிளாஸைப் பிடித்தால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் சர்டிபிகேட் தர மாட்டேன் என்றுவிட்டார். நான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஆடு அடிபட்டது. அது தானாக வந்து விழுந்தது. அப்புறம் போன தை மாதம் பள்ளிக்கூடத்துப் பெண் தரணி சைக்கிளோடு கால்வாயில் விழுந்தாள். வண்டி அவள் மேல் படவே இல்லை. காலில் கட்டுப் போட்டார்கள், ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. ஊரே திரண்டு வந்ததைப் பார்த்தால் நான் என்னமோ செய்துவிட்டது போல இருந்தது.

அன்று சாயந்திரமே வேணு சாவியை எடுத்துத் தன் வீட்டுச் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டான். அன்று அவன் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னான்.

"ண்ணா, வண்டி இங்க நின்னுக்கினு இருந்தா நீ சும்மா இருக்க மாட்ட. நாளைக்கி ஒரு கொயந்த மேல ஏத்திட்டா அந்தப் பாவம் நம்மள வுடாது. குடுத்துடலாம் ண்ணா."

என் மனைவி அலர்மேல்மங்கையும் அவன் பக்கம்தான். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டே தின்கிறேன், வண்டியைப் பார்த்துக்கொண்டே தூங்குகிறேன் என்று அவளுக்கு நாற்பது வருஷத்துக் குறை. எல்லாரும் என் நன்மையை நினைத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது.

வாங்க வந்தவர் ஹரிபிரசாத் என்று ஒருவர். தடாவுக்கு அந்தப் பக்கம் விடுதி கட்டியிருக்கிறார். மரியாதையான மனுஷன். ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். ரோட்டுக்காக இல்லையாம். வாசல் புல்தரையில் சிமெண்டு மேடை கட்டி அதன் மேல் நிறுத்துவாராம். வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்களாம். பின்பக்கத்தில் பூந்தொட்டி வைக்கலாம், எஞ்சின் வீண் பாரம், அதை எடுத்துவிடலாம் என்றார். வேணு சரி சரி என்று தலையாட்டினான். நான் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு.

ஓடுகிற வண்டியின் எஞ்சினை எடுத்துவிட்டு மேடையில் நிறுத்துவது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. வண்டி போக வேண்டும் என்று முடிவு செய்தவன் வேணு. அவன் இல்லாவிட்டால் வண்டி போகாது. கணக்கு அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது. தம்பி மேல் எனக்கு ஒரு வன்மமும் கிடையாது. நைனா போன பிறகு அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான்.

சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு சிமெண்டுச் சாக்குகளில் மணல் நிரப்பினேன். எங்கள் இடம் ரோட்டிலிருந்து சரிவாக இறங்கும், சரிவின் அடியில் கருங்கல் காம்பவுண்டுச் சுவர். ஜீப் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கும், நடுவில் மூன்று முழம் இடம் இருக்கும். சாக்குகளைச் சுவரை ஒட்டி, சரியாகப் பம்பர் உயரத்துக்கு அடுக்கினேன். வேணு எதற்கு என்று கேட்டான். மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும் என்றேன். அவனும் நான்கு சாக்கு தூக்கிக் கொடுத்தான். நேற்று நீங்கள் அந்தச் சாக்குகள் மேல்தான் கால் வைத்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வண்டியைக் கழுவித் துடைத்தாயிற்று. முன் நம்பர் பிளேட் ஆடிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர் எதிரில் ஆடினால் அசிங்கம் என்று வேணு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். நான் டிரைவர் சீட்டுப் பக்கம் நின்றிருந்தேன். கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போய்விட்டான்.

"கல்லு?" என்றான்.

"கல்லு" என்றேன்.

அவன் சாக்கில் முதுகைச் சாய்த்துக் குந்தினான். வண்டி முதல் கியரில் நின்றிருந்தது. கதவு இல்லாத வண்டி, வெளியில் நின்றபடியே கையை நீட்டலாம். சரிவில் பாரம் இருக்கும்போது நடு இடம் இருக்கிற அந்தச் சின்னக் கம்பி இறுகிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் வராது. இடுப்பால் வண்டியை ஒரு தள்ளு தள்ளி, பாரம் விடுகிற அந்த நொடியில் இரண்டு விரலால் எடுக்க வேண்டும். எடுத்தேன். நடுவில் வந்து நின்றது. வண்டி சத்தமில்லாமல்தான் போனது.

எலும்பு உடைந்தால் எங்கெங்கிருந்தோ எங்கள் புத்தூருக்குக் கட்டுப் போட வருகிறார்கள். என் தம்பிக்கு உடைந்தது கட்டுப் போடுகிற இடத்தில் இல்லை. 108 வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். வடமாலப்பேட்டை தாண்டும்வரை அவனுக்கு நினைவு இருந்தது.

"கல்லு வெச்ச இல்ல ண்ணா?" என்று கேட்டான்.

வைத்தேன், நழுவிவிட்டது என்றேன். தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டிக்கி ஒண்ணும் ஆவலியே?" என்றான்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஏழு கண்ணில் ஒன்றுகூட நசுங்கவில்லை, அதற்குத்தான் சாக்கு அடுக்கியது. அவன் அதற்கப்புறம் பேசவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். நான் சொன்ன பதிலில் அவன் நிம்மதியாகப் போனான் என்றுதான் நினைக்கிறேன்.

ஹரிபிரசாத் சாவு வீட்டுக்கு வந்து மாலை போட்டார். உயிர் எடுத்த வண்டி வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். நேற்று தம்பி பெண்டாட்டி ஸ்ரீதேவி உங்களிடம் கைகூப்பி, "மாமா மேல கேஸ் வாணாம் சார், அவுருக்குக் கை நடுக்கம், கல்ல சரியா வெச்சிருக்க மாட்டாரு" என்று அழுதாள். என் மனைவியும் அதையே சொன்னாள். நீங்களும் அதையே எழுதினீர்கள். முதியவர், கை நடுக்கம், கல் சரியாக வைக்கப்படவில்லை, விபத்து. ரைட்டர் உரக்கப் படித்துக் காட்டினார். நான் ராத்திரி முழுக்க அந்த வரியையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல் சரியாக வைக்கப்படவில்லை என்பது பொய். அப்போது சக்கரத்தடியில் கல்லே இல்லை. வேணு ஸ்பானர் எடுக்க உள்ளே போனபோதே சக்கரத்தடியிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் கேட்டபோதும் நான் பதில் சொன்னபோதும் அது என் இடது கையில் இருந்தது. வலது கையால் கம்பியை எடுத்தேன். அவன் சாக வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

இதைத் தெலுங்கில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் சார், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். லைசென்ஸ் ஆபீசுக்கும் ஒரு நகல் போனால் நல்லது. ஐந்து கிலோ கல் ஒரு கையில், இறுகிய கம்பி மறு கையில், இரண்டு கையும் துளிகூட நடுங்கவில்லை.