கடல் கேள்வி

நம்ம பூட்டனுக்கும் முந்தின காலம். தேரிக்காட்டுச் செம்மணலுக்குள்ளே, நாலு பக்கமும் பனை நின்ற ஊராம் மணல்விளை. ஓலை வேய்ந்த வேதக்கோவில் ஒன்று. மழை பொய்த்த வருஷமாம் அது. பனை பாளையே விடலையாம்.

அந்த ஊரிலே பரிபூரணம் என்று ஒருத்தி. அவள் புருஷனைத் தேயிலைத் தோட்டத்துக்கென்று ஆள் பிடிக்கிற கங்காணி ஒருத்தன் கப்பலேற்றிக் கூட்டிப்போனான். போனவன் போனவன்தான். இருக்கானா, செத்தானா, ஒரு சொல் வரலை. மிச்சம் ஒரே மகள், அன்னப்பழம்.

அப்படியிருக்க, ஊர் உபதேசியார் காலமானார். சபையை நடத்த ஆள் வேண்டுமே? வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் ஆளனுப்பிச் சொன்னாராம்: “ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒரு கண்காணியைத் தெரிந்தெடுத்து வையுங்கள்.”

வேதத்துத் தமிழிலே கண்காணி என்றால் சபையைப் பார்த்துக்கொள்கிறவர். பரிபூரணத்தின் காதிலே விழுந்ததோ அந்தப் பழைய கங்காணி.

‘கோவிலே ஆள் பிடிக்க ஆரம்பிச்சாச்சா?’

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கலையாம். மகளைத் தண்ணிக்கும் விடலை, விறகுக்கும் விடலை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நிஜமாகிவிடுமோ என்று பயமாம்.

ஞாயிறும் வந்தது, ஐயரும் வந்தார். ஊர்ப் பெரியவர் எழுந்தார்.

“ஐயரே, பாக்கியநாதனைக் கண்காணியா நிறுத்துறோம். வெண்கலக் குரல். ஜெபம் பண்ணினா அடுத்த ஊருக்குக் கேக்கும்.”

பாக்கியநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றானாம். பரிபூரணம் மகளின் கையை இறுக்கிப் பிடித்தபடியே எழுந்தாள்.

“ஐயரே... கப்பலுக்கு எத்தனை பேரு வேணும்? எம் மகளை மட்டும் விட்டுருங்க.”

ஐயருக்கு ஒன்றும் விளங்கலை. ஊருக்கு விளங்கிவிட்டது. கோவிலே சிரித்ததாம். பாக்கியநாதன் எல்லாருக்கும் மேலே சிரித்தான்.

“ஏட்டி, இது சபைக் கண்காணி! உனக்கு இன்னும் ஓடிப்போன புருஷன் நெனப்புதானா?”

சிரிப்பு இன்னும் கூடியது. அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், மகள் தப்பித்தாள் என்ற ஆறுதல் ஒரு பக்கம். உட்காரப் போனவள் உட்காரலை. சபையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“எந்தக் கண்காணியா இருந்தா என்ன? இந்த ஆளை நம்பி எம் மகளைக் கடல் தாண்டி விடமாட்டேன். நீங்க விடுவீங்களா? சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது. பாக்கியநாதன் பெண்டாட்டியே தரையைப் பார்த்தாளாம்.

ஐயர் மெதுவாகக் கேட்டார். “அப்படியானால் யாரை நம்பி விடுவாய், அம்மா?”

அவள் பிடிக்காத மருந்தை விழுங்குகிறவள் மாதிரி சொன்னாள்: “ஏசுவடியானை.”

பின்னாலிருந்து ஏசுவடியான் பதறி எழுந்தான்.

“என்னையா? ஏ பிள்ளே, நேத்துதானே உன் ஆட்டை அடிச்சு விரட்டினேன்!”

“அடிச்சீரு. உம்ம முகத்திலே முழிக்கவே எனக்குப் பிடிக்காது. சந்தையிலே என் கருப்பட்டி இளகியிருக்குன்னு வாங்க வந்தவன்கிட்டயே சொன்ன மனுசன்லா நீரு! அன்னைக்கு எங்க வீட்டிலே அடுப்பு எரியலை வே.” அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஆனா பொய் உமக்கு வராது. எம் மகள் அங்கே செத்தே போனாலும், திரும்பி வந்து செத்துப்போனான்னு எங்கிட்டச் சொல்லுவீரு. எம் புருஷனைக் கூட்டிட்டுப் போனவன் அதைக்கூட வந்து சொல்லலையே, ஐயரே.”

ஏசுவடியான், “எனக்குப் பயமாயிருக்கு ஐயரே, நான் மாட்டேன்” என்றானாம். “பயமிருக்கிறதா? நல்லது, வா” என்று ஐயர் அவனையே முன்னால் கூப்பிட்டாராம்.

இன்றைக்கும் மணல்விளைச் சபையிலே கண்காணி தெரிவு என்றால், நிற்கிறவரின் படிப்பைக் கேட்கிறதில்லை, குரலைக் கேட்கிறதில்லை. அவரை முன்னால் நிறுத்தி, சபையைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்கள்: “இவரை நம்பி உங்க பிள்ளையைக் கடல் தாண்டி விடுவீங்களா?”

அந்த ஊரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் அதற்குக் கடல் கேள்வி என்றுதான் பேர். பதில் உடனே வராதாம். வருகிற வரைக்கும் நிற்கிறவருக்குக் கை நடுங்குமாம். நடுங்காதவரைச் சனங்கள் உட்காரச் சொல்லிவிடுவார்களாம்.