டம்ளர் தண்ணீர் அசையவில்லை

சத்தமாகப் பாட்டுக் கேட்கும் பழக்கமே எனக்குக் கிடையாது, சார். தராசு பழுதுபார்க்கிறவன் நான். நாள் முழுக்க முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எது அளவு மீறினாலும் எனக்கே பிடிக்காது.

அதனால்தான் கீழ்வீட்டு டீச்சரம்மா மாடியேறி வந்து, என் ஸ்பீக்கரால் அவர் வீடு அதிர்கிறது என்றபோது நான் முகம் சுளிக்கவில்லை. தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். ஸ்பீக்கருக்கு அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்தேன். போதவில்லை என்றார். ரப்பர்மேல் ஒரு கல் பலகை, கல்மேல் ஸ்பாஞ்ச். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியும் வைத்தேன். பிறகு அவர் மேஜையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, மேலே பாட்டைப் போட்டுவிட்டு இறங்கி வந்து இருவருமாகப் பார்த்தோம்.

"தண்ணி அசையல தம்பி. ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள தொம் தொம்னு இருக்கே."

வேலையில் குறை சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? ஆனாலும் சிரித்துக்கொண்டே ஓர் ஏற்பாடு சொன்னேன். டம்ளரைத் தினமும் நிரப்பி வையுங்கள், அதிர்வு தெரிந்தால் ஒட்டடைக்கம்பால் சீலிங்கில் மூன்று தட்டு தட்டுங்கள், உடனே அணைத்துவிடுகிறேன் என்றேன். என்னை வாயார வாழ்த்தினார்.

மறுநாளே தட்டினார். அணைத்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குத் தட்டினார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒரு வாரம் ஒயரை மாட்டவே இல்லை; அவர் தட்டிய நேரத்தையெல்லாம் காலண்டரில் குறித்தேன். அதிர்வது என் ஸ்பீக்கர் இல்லை, அவருடைய நெஞ்சு என்று அப்போதே புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் டாக்டரிடம் போவார், மாத்திரை போடுவார், தட்டுவது நின்றுவிடும். என் ஸ்பீக்கரைப் பற்றி ஏற்கெனவே கட்டடம் முழுக்கப் பரவியிருந்த பேச்சு மட்டும் அப்படியே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். எல்லார் முன்னாலும் காலண்டரை விரித்துக் காட்டலாம் என்று பொறுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மூன்று தட்டோடு நிற்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கம்பு கீழே விழுந்தது. என் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் வாங்களேன்," என்று கூப்பிட்டார். இரண்டு தடவை.

போனால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பத்து இருபதிலிருந்து பத்து நாற்பது வரை என்று குறித்துக்கொண்டேன்.

ஆமாம் சார், தெரிந்தேதான் போகவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் கதவைத் திறந்து உள்ளே போனபோது அந்த டம்ளர் மேஜையில்தான் இருந்ததாம், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். டீச்சரம்மா நியாயமானவர். இருந்திருந்தால் அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.