மல்லிகை ஊரின் கண்வலி

இமையின் உட்புறத்தைப் பார்க்க ஒரு தீக்குச்சி போதும். மேலிமையின் மீது வைத்து, இமைமயிரைப் பிடித்து மடக்கினால் இமை திரும்பிக்கொள்ளும். உள்ளே வழவழப்பாக இருந்தால் நல்லது. ஜவ்வரிசி போலப் பொரிப்பொரியாக இருந்தால் டிரகோமா. டாக்டர் பார்த்து, நோயின் பெயரை அட்டையில் எழுதுவார். அந்தப் பெயரை எண்ணாக்குவது திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் என் வேலை.

விசாரிக்க வந்த உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன், அழகான ஏற்பாடு. சாதாரணக் கண்வலிக்கு 370. இமையோர வீக்கத்துக்கு 371. கண்கட்டிக்கு 372. டிரகோமா மட்டும் இவற்றோடு இல்லை. அது 095, அம்மையும் காலராவும் இருக்கும் தொற்றுநோய் வரிசையில். காரணம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் களிம்பு போட்டுப் பயனில்லை. வீட்டுத் துண்டும் ஈயும் மறுபடி கொண்டுவரும். ஊர் முழுவதற்கும் ஒன்றாக மருந்து போட வேண்டும். எந்த ஊரில் 095 கூடுகிறதோ அந்த ஊருக்கு வேன் போகும்.

அகரம் பக்கத்து மல்லிகை ஊர் ஒன்றிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அந்த ஊர்ப் பெரியவர் கண்ணுசாமி என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, சாமிக்குப் போட்ட பூவக் கண்ணுல ஒத்திக்கிறாக. கண்ணு அழுகுன ஊர்ப் பூவுன்னு தெரிஞ்சா மார்க்கெட்ல கூடையவே எறக்க விடமாட்டாக."

"டாக்டர் எழுதுனதை நான் மாத்த முடியாதப்பு."

"மாத்தச் சொல்லலண்ணே. அந்தக் கோழிக் கிறுக்கல உங்களத் தவிர எவன் படிக்கப்போறான்?"

சிரித்துவிட்டேன். டாக்டர் எழுதிய எழுத்தில் நான் கை வைக்கவில்லை. அந்த ஊர் அட்டைகளுக்கு மட்டும் 370 போட்டேன். கண் சிவந்திருந்தது, வலித்தது, அதுவும் கண்வலிதானே. அந்த வைகாசியில் கண்ணுசாமி தன் மகனுக்கு என் மகள் பொன்னழகைக் கேட்டு வந்தார். நல்ல தோட்டம், கிணற்றில் வற்றாத தண்ணீர். இதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

சுற்றுப்பட்டு ஊர்களுக்கு வேன் போனது. அந்த ஊருக்குப் போகவில்லை. மல்லிகை நல்ல விலைக்குப் போனது.

பிள்ளை பிறந்த பிறகு பொன்னழகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, உள்ள மண்ணு கெடந்து அறுக்குது. அங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கு." டாக்டர் இமையை மடக்கிப் பார்த்து எழுதினார். அவளுக்கு 095 போட்டால் அந்த ஊரின் முதல் எண் அதுவாகும். மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். 370 போட்டேன். களிம்பு வாங்கிக் கொடுத்து, அவளை அதே வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன்.

பலமுறை வந்துபோனால் இமையின் உட்புறம் வடுவாகிச் சுருங்கும். இமைமயிர் உள்பக்கம் திரும்பிக் கருவிழியை உரசும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் ஒரு கீறல். அந்த ஊர்ப் பெண்கள் முள்வாங்கியால் ஒருவருக்கொருவர் மயிரைப் பிடுங்கிக்கொள்வார்கள். பொன்னழகுக்கு அவள் மாமியார் பிடுங்கிவிடுவாள். இப்போது தேவையில்லை. இரண்டு கண்ணும் வெள்ளையாகிவிட்டன. தன் பிள்ளையின் முகத்தைத் தடவித்தான் பார்க்கிறாள்.

அத்தனை அட்டைகளுக்கும் எண் போட்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்களோடு அவளைச் சேர்க்காதீர்கள். நானே சரிபார்த்த அட்டை அது. என் மகளுக்கு வந்தது வெறும் கண்வலி.